ஆமையிடம் யாரும் கேட்கவில்லை

விஷயம் தெரிந்தவன் என்று பெயர் எடுப்பது ஆபத்தானது. இதை நான் பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், அக்கம்பக்கம் மொத்தமும் கூடியிருந்த ஒரு தீபாவளி விருந்தில் கற்றுக்கொண்டேன்.

பாற்கடல் கடைந்த கதையை நாடகமாகப் போடலாம் என்றது நான்தான். அந்தக் காட்சி செதுக்கப்பட்ட கோயில் தூண் ஒன்றைக்கூட நான் விட்டுவைத்ததில்லை. (என் கைபேசியில் மனைவி கலாவின் படங்களைவிட வாசுகிப் பாம்பின் படங்கள் அதிகம். அது தனி வழக்கு.)

"பார்த்தால் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் விட்டுக்கொடுத்தால்தான் மலை சுழலும், கடல் கடையும்" என்று ஒத்திகையில் மூன்று முறை விளக்கினேன். அவ்வளவு தெளிவு எனக்கு.

தேவர்களுக்குத் தலைவன் நான். அசுரர்களுக்குத் தலைவர், செங்காங்கிலிருந்து நண்பர்களோடு வந்த கலாவின் அண்ணன் செல்வம். எங்கள் இருவருக்கும் அப்போது ஒரு பனிப்போர். மாமியார் போனபிறகு செம்பவாங்கில் தனியாக இருக்கும் மாமா இனி யார் வீட்டில் இருப்பது? மகன் வீட்டில் என்றார் அவர். எங்கள் வீட்டில் என்றேன் நான். கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்ந்த அந்த மனிதரை எனக்கு உண்மையாகவே பிடிக்கும். அப்பாவிடம் பேச முடியாததையெல்லாம் அவரிடம்தான் பேசியிருக்கிறேன்.

மலையைத் தாங்கும் ஆமை வேடத்துக்கு யாரும் முன்வரவில்லை.

"நான் இருக்கேன் லா. உக்காந்துக்கிட்டே செய்யுற வேலைதானே?" என்றார் மாமா.

அட்டையில் செய்த ஆமை ஓட்டை முதுகில் கட்டி, மேசைக்கடியில் உட்கார்ந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டார். மேசைமேல் சுழல் பலகை, அதன்மேல் காகித மலை, மலையைச் சுற்றிப் பச்சைக் கயிறு. உச்சியில் அமுதக் குடம். உள்ளே கலா வைத்த ஜவ்வரிசிப் பாயசம்.

முதல் ஐந்து நிமிடம் மலை அழகாகச் சுழன்றது. அப்போது செல்வம், தான் இழுக்கும் முறை வந்தபோது, மெதுவாகச் சொன்னார்:

"அப்பா ரூம்புக்கு ஏர்கான் போட்டாச்சு, மாப்பிள்ளை."

நான் கயிற்றை விடவில்லை.

"மாமாவுக்கு ஏர்கான் குளிர் ஆகாது, மச்சான்."

"எங்க அப்பாவுக்கு எது ஆகும்னு எனக்குத் தெரியாதா? கயித்த விடுங்க!"

"நீங்க விடுங்க!"

கதை சொல்வதற்காக என் சட்டையில் மைக் குத்தியிருந்ததை நான் மறந்தே போனேன். தமிழ் தெரிந்தவர்கள் திகைத்துப் போய்ப் பார்த்தார்கள். தமிழ் தெரியாத சீன ஆன்ட்டிகள் போட்டி சூடுபிடித்துவிட்டதாக நினைத்து, "ஜியா யோ! ஜியா யோ!" என்று கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். பாழாய்ப்போன என் கைகள் இன்னும் வேகமாக இழுத்தன.

மலை சாய்ந்தது. குடம் கவிழ்ந்து, பாயசம் முழுவதும் ஆமையின் தலையில் இறங்கியது.

மாமா மெல்ல வெளியே வந்தார். புருவத்தில் ஒட்டியிருந்த ஜவ்வரிசியை வழித்து வாயில் போட்டார்.

"இனிப்பு கம்மி" என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். "நல்லா இழுத்தீங்க. ஆமைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அதையும் மைக் எல்லாருக்கும் சொன்னது. மூன்று மாதமாக அவருக்காகச் சண்டை போட்ட நான், அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்று கூசியது இன்றும் கூசுகிறது.

கலாதான் துண்டோடு ஓடிவந்து கேட்டாள். "உங்களுக்கு எங்க இருக்கணும்ப்பா?"

"என் வீட்டுலதான்மா. காலையில கடலோரம் நடந்து, நாலு கப்பலப் பார்த்தாத்தான் எனக்குப் பொழுது விடியும்."

இன்றும் அவர் செம்பவாங்கில்தான் இருக்கிறார். ஒரு ஞாயிறு செங்காங், மறு ஞாயிறு பொங்கோல் என்று அவரே முறை வைத்தார். எங்கள் குடும்பத்தில் யார் யாருக்காக முடிவெடுத்தாலும், "ஆமைகிட்ட கேட்டாச்சா?" என்று ஒரு குரல் வந்துவிடும்.

போன ஞாயிறு யார் முறை என்பதில் குழப்பம். நானும் செல்வமும் ஒரே நேரத்தில் காரோடு அவர் புளோக் வாசலில் போய் நின்று, என் முறை உன் முறை என்று ஆரம்பித்தோம். மேலே போனால் வீடு பூட்டியிருந்தது. பதறிப்போய் கைபேசியில் அழைத்தேன்.

"ஆமை பஸ் ஏறிடுச்சு லா" என்றார் மாமா. "கலாகிட்ட பாயசம் வைக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை கிண்ணத்துல."