காக்காவுக்குக் கொடுத்த மரியாதை

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் ஜாஸ்தி, எந்த வருஷம் என்று கேட்டால் தொண்ணூறுகளின் கடைசி என்றுதான் சொல்லத் தெரியும். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் மகள் மல்லிகா வீட்டில் இருந்தேன். அவள் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். முதல் ஆர்டர் கல்யாணப் பத்திரிகை. "இது ஒழுங்கா முடியலைன்னா கம்ப்யூட்டர் பெட்டியை வித்துடலாம்" என்று மாப்பிள்ளை முன்பே சொல்லிவிட்டார். கல்யாணப் பெண்ணின் அப்பா கூடுவாஞ்சேரியிலிருந்து சாயங்கால ரயிலில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அன்றைக்கென்று மாப்பிள்ளைக்கு லீவு. (சனியன் லீவு.)

"ஸ்லோவா இருக்கு மல்லி. பயாஸ்ல மெமரி செட்டிங்கை மாத்தினா பறக்கும் பாரு" என்று உட்கார்ந்தார்.

பயாஸ் என்பது கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் பார்க்கிற வீட்டு விதி. மெமரியிடம் ஒன்றைக் கேட்டால், எடுத்துத் தர அதற்கு எவ்வளவு அவகாசம் என்று அதில் இருக்கும். எங்கள் பெட்டியில் மூன்று என்று இருந்தது. அவர் இரண்டாக்கினார். வேகமான மெமரி இரண்டிலேயே தந்துவிடுமாம். எங்களுடையது நிதானப் பேர்வழி. கடைக்காரர் பருப்பை நிறுப்பதற்குள் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் வீட்டுக்கு என்ன வரும்? வெறும் பைதான் வரும். (இதெல்லாம் மல்லிகா பிற்பாடு சொல்லிப் புரிந்தது.)

பெட்டி அணைந்து எழுந்தது. திரை இருட்டு. உள்ளேயிருந்து பீ, பீ என்று ஓலம்.

"என்னங்க பண்ணீங்க? மாத்தினதைத் திருப்பி மாத்துங்க!"

"திரையே வரலையேடி, எங்க போய் மாத்துறது?"

பெட்டி வாங்கிய கடைக்குப் போன் போட்டார். உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் மாற்றியதையெல்லாம் பெட்டி மறந்துவிடும் என்றார்கள். கழற்றினார். "அத்தை, இதைக் கொஞ்ச நேரம் வெச்சிருங்க" என்று என்னிடம் நீட்டினார்.

பேட்டரியைக் கழற்றினால் என்ன செய்வோம்? ரேடியோ பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்துத்தானே திரும்பப் போடுவோம்? மொட்டைமாடிச் சுவரில் வைத்தேன். (இப்படி ஒரு புத்திசாலியை எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.) பளபளவென்று மின்னியது. காக்கா வந்தது, கொத்தியது, தூக்கிக்கொண்டு தென்னைமரத்துக்குப் போய்விட்டது.

நான் போட்ட கூச்சலில் மாப்பிள்ளை மேலே ஓடிவந்தார். "என்ன அத்தை, கொஞ்சமாவது அறிவு வேணாம்? மல்லி பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

நானா! அவர் முகம் பார்த்துப் பேசியே பழக்கமில்லாதவள் நான். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் பதில் சொல்வேன். அன்றும் அவரைப் பார்க்கவில்லை. தென்னைமரத்தில் உட்கார்ந்திருந்த காக்காவைப் பார்த்துக் கத்தினேன்.

"ஒங்களை யாரு தொடச் சொன்னது? நல்லா ஓடிக்கினு இருந்த சாமானைக் கெடுத்துட்டு, பழியை அடுத்தவங்க தலையில போடுவீங்களா? எம்பொண்ணு சாமானை வித்துடுவீங்களா? வித்துப் பாருங்க, தெரியும் சேதி!"

பக்கத்து மாடியில் துணி உலர்த்திய அம்மாள் கேட்டாள்: "இன்னாக்கா, காக்காவைப் போயி வாங்க போங்கன்னு திட்டிக்கினு கீறே?"

மாப்பிள்ளை முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

அதற்குள் கீழேயிருந்து மல்லிகா, "அம்மா! திரை வந்துடுச்சு!" என்றாள். பேட்டரி இல்லாமலே ஸ்விட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பெட்டி எல்லாவற்றையும் மறந்து பழைய மூன்றுக்கே வந்துவிட்டது. தேதி மட்டும் ஏதோ ஒரு பழைய வருஷத்தைக் காட்டியது, காட்டட்டும். சாயங்காலம் பெண்ணின் அப்பா பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனார். பெட்டியை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் காக்கா கத்தினால், "அவர் வந்திருக்காரு, சோறு வைங்க" என்பார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவர் மாப்பிள்ளைதான். கதையை நான் பேட்டரியைக் காயவைத்ததிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். மூன்றை இரண்டாக்கியவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது இந்த மூன்று, இரண்டு கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். தப்பிருந்தால் திருத்திக்கொள்கிறேன். மாற்றியவர் யார் என்பதை மட்டும் திருத்தச் சொல்லாதீர்கள்.