சர்வருக்கும் தடைக்காலம்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு கட்டைவிரலைப் பார்த்தபோதுதான்.

உச்சிப்புளி பக்கம் ஓர் இறால் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆளாகச் சேர்ந்த புதிது. எங்களிடம் இருந்தது ஒரே சர்வர். அதற்குள்ளேயே எடை போட ஒன்று, லேபிள் அடிக்க ஒன்று, குளிர் அறையைக் கவனிக்க ஒன்று என்று பல மெய்நிகர் கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்தின. (லைன் வீடு மாதிரி. கட்டடம் படுத்தால் அத்தனை வீடும் இருட்டு.) யாருக்கு எவ்வளவு மெமரி, எந்த நெட்வொர்க், யார் முதலில் எழ வேண்டும் என்கிற செட்டிங்குகள்தான் அதன் உயிர். ஒரு நாள் கரண்ட் போய் வந்ததில் அவ்வளவும் அழிந்துபோனது.

மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் சாவகாசமாகத் தன் போனை எடுத்தார். போன தடவை வந்தபோது செட்டிங்குகளைத் திரையிலிருந்து போட்டோ எடுத்து வைத்திருந்தார். அதுதான் எங்கள் பேக்கப். முக்கால்வாசிப் படங்களில் அவருடைய கட்டைவிரலும் இருந்தது.

"சார், இந்த நம்பரோட கடைசியில என்ன?"

"விரலுக்கு அடியில இருக்கு தம்பி."

சாயந்திரம் வரை அவர் ஊகித்து ஊகித்துத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குள் பல்பு எரிந்தது. இதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் தானாகச் செய்யாதா?

செய்தது. இன்றைக்கும் அதைத் திறந்து பார்த்தால் எனக்குப் பெருமை தாங்காது. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா செட்டிங்கையும் நகல் எடுக்கும், கணக்கு அறையில் இருக்கும் தனிப் பெட்டிக்கு அனுப்பும், இடம் அடைக்காமல் பழைய நகலை அழித்துக்கொண்டே வரும். சர்வர் செத்தால் ஒரே கட்டளை போதும். இதற்கென்றே கெஞ்சி வாங்கி வைத்த காலியான உபரி சர்வரில் அத்தனை குடித்தனமும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடும். திருப்புல்லாணி பக்கம் மிளகாய்க் காட்டில் நின்ற எங்கள் அய்யாவுக்குப் போன் போட்டே சொன்னேன்.

"தானா எந்திரிச்சுக்கிருமா? அப்ப நம்ம மோட்டாருக்கும் ஒண்ணு எழுதுறா," என்றார்.

பிறகு இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கரையில் கிடந்தன. கம்பெனியில் இறாலும் இல்லை, ஆளும் இல்லை. சும்மா ஓடுவானேன் என்று எடை, லேபிள் இரண்டையும் படுக்க வைத்து, தானாக எழவேண்டாம் என்று குறித்து, அவற்றின் நெட்வொர்க்கையும் பிடுங்கினேன். ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் லீவு கொடுக்க மறந்துவிட்டேன். அது ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை.

தடை முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்பிய அன்று சாயந்திரம் மதுரை சார் வந்தார். லேபிளுக்குப் புதுப் பிரிண்டர், புது நெட்வொர்க் எல்லாம் போட்டு, எடை, லேபிள் இரண்டையும் எழுப்பிவிட்டு, பழக்க தோஷத்தில் போனை உயர்த்திப் போட்டோ எடுத்தார்.

"இன்னுமா சார் போட்டோ?" என்று நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை யாரும் போட்டோ எடுக்காதது என் அதிர்ஷ்டம்.

மறுநாள் காலை படகுகள் பிடித்து வந்த முதல் பாடு இறங்கியது. தளம் முழுக்க இறால், வெளியே தூத்துக்குடி லாரி. லேபிள் இல்லாத பெட்டி லாரியில் ஏறாது. ஏறாத இறால் ஐஸ் கரையக் கரையக் கெட்டுப்போகும். அந்த நேரம் பார்த்து கரண்ட் ஒரு குதி குதித்தது. சர்வர் அடங்கியது.

தளத்துக்குப் பொறுப்பான ஜெசிந்தா அக்கா தங்கச்சிமடத்துக்காரர். கடலுக்கு நடுவில் நிற்கும் படகுக்கே கேட்கிற குரல். "தம்பி! எடை மிஷின் செத்துருச்சு!"

எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. "அக்கா, இங்கன வந்து பாருங்க," என்று கூட்டம் சேர்த்து, உபரி சர்வரில் கட்டளையைத் தட்டினேன். குடித்தனங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. திரையில் பச்சையாக 'வெற்றி'. கை தட்டினார்கள். (ஆரம்பித்து வைத்தவன் நான்.)

அக்கா திரையைப் பார்த்தார், பிரிண்டரைப் பார்த்தார். "வெற்றின்னு போட்டிருக்கு. லேபிள் எங்கடா?"

என் ஸ்கிரிப்ட் ஒரு புள்ளி பிசகாமல் நேற்று மத்தியானத்தை மீட்டுக் கொண்டுவந்திருந்தது. அப்போது எடையும் லேபிளும் தூக்கத்தில் இருந்தன. தட்டி எழுப்பினாலும் புது நெட்வொர்க், புதுப் பிரிண்டர் நம்பர் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. முந்தைய நகல், அதற்கு முந்தையது என்று தேடினேன். மிஞ்சியிருந்த அத்தனையும் குறட்டை விட்டன. சீசன் நகல்களை அதுவே ஒழுங்காக அழித்திருந்தது. வெளியே கடலெல்லாம் திறந்துவிட்டது, என் சர்வருக்கு மட்டும் தடைக்காலம்.

அக்கா என்னைத் திட்ட நேரம் செலவழிக்கவில்லை. "ஐஸைக் கொட்டுங்கடி!" என்று தளத்தைப் பார்த்து ஒரு சத்தம். லாரியைக் கிளப்பப் போன டிரைவரிடம், "அண்ணே, ஒரு டீ குடிங்க. குடிச்சிட்டீங்களா? இன்னொண்ணு குடிங்க." அந்த மனிதர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கனயே உட்கார்ந்துவிட்டார். அப்படி ஓர் ஆளுமையை எந்த சர்வரிலும் நான் பார்த்ததில்லை.

எனக்கு வேறு வழியில்லை. மதுரைக்குப் போன் போட்டேன்.

"சார்... அந்தப் போட்டோ..."

அவர் சிரிக்கவில்லை. பெரிய மனுஷன். படம் வந்தது, கட்டைவிரலோடு. விரலுக்கு அடியில் இருந்த நம்பரை, பிரிண்டரின் பட்டனை அழுத்திப் பிடித்து அதையே ஒரு சோதனைத் தாள் அடிக்க வைத்துக் கண்டுபிடித்தேன். முதல் லேபிள் வெளியே வந்தபோது அக்கா அதைக் கிழித்து என் சட்டைப் பையில் ஒட்டினார். "நீயும் ஏறு லாரியில." ஐஸ் தாங்கியது, இறால் பிழைத்தது, லாரி போனது.

இந்தக் கதையை வீட்டில் சொன்னது பிசகு. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தூங்கிவிட்டால் போதும், அய்யா வாசலில் நின்று, "ஏலே, தடைக்காலம் முடிஞ்சிருச்சு, எந்திரி!" என்கிறார். பக்கத்து வீட்டிலும் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது ஸ்கிரிப்ட் சீசன் நகலைத் தனியாகப் பூட்டி வைக்கிறது. வாரம் ஒருமுறை உபரி சர்வரில் தானே மீட்டுப் பார்த்து, லேபிள் ஒன்று அடித்துக் காட்டுகிறது. ஆனாலும் நிஜ சோதனை பாக்கி இருக்கிறது. அடுத்த தடை முடிந்து முதல் பாடு இறங்கும்போது, ஓடுகிற சர்வரின் ஒயரை என் கையாலேயே பிடுங்கப் போகிறேன். ஜெசிந்தா அக்காவிடம் அனுமதி கேட்டேன்.

"பிடுங்கு தம்பி. நீ பிடுங்குனாத்தான் எனக்கும் நம்பிக்கை வரும்," என்றவர், திரும்பிப் போகிற போக்கில் சொன்னார்: "ஐஸுக்கு மட்டும் ரெண்டு வண்டி சேத்துச் சொல்லி வச்சுக்கிறேன்."