ஏகாம்பரம் என்ற ஓணான் ஜனாதிபதி ஆன வரலாறு

ஒரு காட்டில் தேர்தல் இருந்தது, செல்போன் டவர் இருந்தது, தண்ணீர் குடிக்க டோக்கன் வரிசைகூட இருந்தது. புல்தான் கொஞ்சம் குறைச்சல். அந்தக் காட்டுக்கு ஜனாதிபதி ஒரு சிங்கம். சிங்கத்தின் கட்சியில் ஏகாம்பரம் என்றொரு ஓணான் இருந்தது.

ஓணான் என்றால் தலையாட்டும். அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் சிங்கம் கர்ஜித்ததும் மற்ற ஓணான்கள் மரத்துக்குப் பின்னால் ஓடிவிடும். ஏகாம்பரம் மட்டும் நின்ற இடத்தில் நின்று ஆட்டும். 'நம்ம ஆள்' என்று சிங்கம் மனதில் வைத்துக்கொண்டது.

பக்கத்துக் காட்டுக் கழுதைப்புலிகள் படையெடுத்து வந்தபோது, எல்லையோரக் கிழக்கு மாநிலத்துக்கு ஆளுநராகப் போக ஆள் கிடைக்கவில்லை. சிறுத்தைக்கு முதுகுவலி. கரடிக்கு வீட்டில் விசேஷம். ஏகாம்பரத்தைக் கேட்டார்கள். அது தலையாட்டியது.

கிழக்கு மாநிலத்தில் நல்ல புல்வெளி ஒன்றுதான். அதில் செங்கமலம் என்ற முயலும் அதன் சொந்தபந்தங்களும் வளை தோண்டிக் குடியிருந்தன. படை தங்க அந்த இடம் வேண்டும் என்று சிங்கம் உத்தரவு அனுப்பியது. ஆளுநரே நேரில் போய்ச் சொன்னது.

"சண்டை முடிஞ்சதும் எங்க எடம் எங்களுக்குக் கெடைக்குமாங்கய்யா?" என்று கேட்டது செங்கமலம். "குட்டிங்கள வெச்சுக்கிட்டு மொட்டப் பாறையில எத்தன நாளைக்குக் கெடக்குறது?"

ஏகாம்பரம் தலையாட்டியது. அந்த ஒரு தடவை அது பழக்கத்தில் ஆட்டவில்லை, மனதார ஆட்டியது. முயல்கள் நம்பிப் பாறைக்குப் போயின.

பிறகு ஒரு மத்தியானம் கழுதைப்புலித் தளபதி எல்லைச் சுவர் வரை வந்துவிட்டது. நம் படை அப்போது சாப்பிடப் போயிருந்தது. சுவர் மேல் ஆளுநர் மட்டும்.

"உள்ள சிங்கம் இருக்கா?" என்று கேட்டது தளபதி.

ஏகாம்பரம் தலையாட்டியது.

"யானைப்படையும் வந்திருக்கா?"

பயத்தில் தலை இன்னும் வேகமாக ஆடியது.

"எங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கீங்களா?"

ஆட்டம் நிற்கவே இல்லை. தளபதி வந்த வழியே படையைத் திருப்பிக்கொண்டு போனது. போர் முடிந்தது. ஆளுநரின் அசாத்திய நிதானத்தைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின.

ஒருவரே தொடர்ந்து ஜனாதிபதியாக இருக்கக் கூடாது என்று காட்டில் ஒரு சட்டம் உண்டு. சிங்கம் சட்டத்தை மதிக்கும். எனவே ஜனாதிபதி நாற்காலியில் ஏகாம்பரத்தை உட்காரவைத்து, பக்கத்தில் அதைவிடப் பெரிய நாற்காலி போட்டு ஆலோசகராக உட்கார்ந்துகொண்டது.

பதவியேற்ற அன்றே, வரிசையில் நின்று டோக்கன் வாங்கிக்கொண்டு செங்கமலம் வந்து சேர்ந்தது.

"ஐயா, சண்டை முடிஞ்சுபோச்சுங்க. பாறைச் சூடு தாங்காம ரெண்டு குட்டி செத்துருச்சுங்க. மிச்சம் இருக்குறதையாவது காப்பாத்திக்கிறோம். புல்வெளிய விட்டுருங்கய்யா."



சிங்கம் கொட்டாவி விட்டது. "அங்க எனக்கு வெற்றிச் சிலை வெக்கப்போறோம். சுத்தி முழுக்க சிமெண்ட். என்ன ஏகாம்பரம், சரிதானே?"

இல்லை என்று சொல்லிவிடுவது என ஏகாம்பரம் முடிவு செய்தது. உண்மையாகவே முடிவு செய்தது. அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும். வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்தக் கட்சியில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பப் பார்த்தது. பிறந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போயே அறியாத கழுத்து. 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. உயிர் போகிற வலி. வலி பொறுக்காமல் தலை மேலும் கீழும் ஆடியது.

"பாத்தீங்களா, இதுதான் விசுவாசம்!" என்றது சிங்கம். சபை முழுவதும் கைதட்டியது.

செங்கமலம் கைதட்டவில்லை. ஏகாம்பரத்தின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பாறைக்குத் திரும்பிப் போனது.

புல்வெளியில் சிலை எழுந்தது. கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு ஜனாதிபதி அதைத் திறந்து வைத்தது.

நீதி: கழுத்தை மேலும் கீழும் மட்டும் ஆட்டிவந்தால் சுளுக்கு வராது.