ஆறு வந்துகொண்டிருக்கிறது, மேடம்

எங்கள் பக்கத்து மனிதர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆற்றில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்கக்கூடாது. தெரியாது என்று ஒருவர்கூடச் சொல்லமாட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்த நான் அறுபத்தொரு வயதில் இதை மறந்து தொலைத்தேன். மறந்து கேட்டேன். கேட்டதோடு நில்லாமல், கிடைத்த பதிலை நம்பி ஒரு வெளிநாட்டு அதிகாரியை வேறு உட்காரவைத்தேன்.

முப்பத்துநான்கு வருஷம் சமூக அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு மாலத்தீவுக்கு வேலைக்குப் போனவள் நான். (கொடைக்கானலில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிப்பார்த்தார்கள்.) நான் வேலை பார்த்த தீவை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கால்மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும் கூடவே வந்தார். ஓய்வுபெற்ற லைன்மேன். அங்கே அவருக்குப் பெயரே ‘டீச்சர் புருஷன்’தான். அதைப் பற்றி அவருக்குத் துளியும் வருத்தமில்லை. காலையில் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனால் மத்தியானம் மீனோடு வருவார்.

ஏழாம் வகுப்பில் எனக்குப் பத்தொன்பது பிள்ளைகள். தங்கமான பிள்ளைகள். ஆனால் அவர்களுக்கு ‘ஆறு’ என்ற பாடத்தை நடத்தி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த நாட்டில் ஓர் ஆறுகூடக் கிடையாது. ஆறு எங்கே போய்ச் சேரும் என்று கேட்டால் கடலில் என்பார்கள். எங்கே தொடங்கும் என்று கேட்டால் அதற்கும் கடல்தான். ஷிஃபா என்று ஒரு பெண், முன்வரிசை, வகுப்பிலேயே வாயாடி. ஒருநாள் எழுந்து கேட்டாள்: “ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தால் அது தீர்ந்துபோகாதா, டீச்சர்?”

படம் வரைந்தேன், வீடியோ காட்டினேன். ம்ஹூம். அவள் முகத்தில் சந்தேகம் போகவே இல்லை.

இப்படி இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருந்தபோது அந்த மெயில் வந்தது. வயது அறுபதைத் தாண்டிவிட்டதால், புது ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் நான் ஒரு வகுப்பை ஆன்லைனில் நடத்திக் காட்டவேண்டுமாம். தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, என் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பாராம். வயதான ஆசிரியர்களுக்குப் புதிய தொழில்நுட்பம் கைவருகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! அதைவிடப் பெரிதாகப் பயம். அந்த வேலை எனக்கு வேண்டும். ஊரில் நான் ‘ரிட்டயர்ட் டீச்சர்’. கல்யாணத்துக்குப் போனால் முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள், அவ்வளவுதான். அங்கேதான் பத்தொன்பது பேர் நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் என் தம்பி அந்தோணி வந்து சொன்னான்: “அக்கா, வர்ற வியாழக்கெழம மொத போகத்துக்குத் தண்ணி தொறக்குறாகளாம்.”

அந்தோணிக்கு ஆற்றோரத்தில் ஒரு ஏக்கர் வயல். கோடையில் எங்கள் ஆறு மணலாகிவிடும்; குடிதண்ணீருக்கென்று விடுவது ஓர் ஓரமாக நூல் பிடித்தாற்போலப் போகும். போகத்துக்குத் திறந்தால்தான் ஆறு ஆறாக வரும். என் வகுப்பும் அதே வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

“ஏன்டா, நம்ம ஊருக்குத் தண்ணி எத்தன மணிக்குடா வரும்?” என்று கேட்டேன். (கேட்டேனா? கேட்டுவிட்டேன்.)

“காலைல லோயர்கேம்ப்ல தொறந்தா கரெக்டா ஒரு மணிக்கு நம்ம படித்துறையில நிக்கும். நீ வேணா வாட்சைத் திருப்பி வச்சுக்க.”

நம்பினேன். ஆற்றுக்குள்ளேயே நின்று நேரலையில் பாடம் நடத்துகிறேன் என்று பள்ளிக்கு எழுதிவிட்டேன். அதோடு விட்டிருந்தால் தேவலை. நான் பெரிய திட்டக்காரியாயிற்றே? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், ஆற்றோர ஊர்களில் இருக்கும் அத்தனை சொந்தங்களுக்கும் ஒரு செய்தி போட்டேன்: “வியாழக்கிழமை தண்ணீர் உங்கள் ஊரைத் தாண்டியதும் தவறாமல் எனக்குப் போன் செய்யவும். அவசரம்.”

வகுப்பும் அதே போனில்தான் என்பது அந்தத் திட்டக்காரி மண்டையில் உறைக்கவே இல்லை.

வியாழக்கிழமை. பட்டுச்சேலை, குடை, ஆற்று மணலின் நட்டநடுவில் நான். போனைப் பிடித்துக்கொண்டு சவரிமுத்து. ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் வந்தால் போடுவதற்கு ஒரு முழம் பூவோடு அந்தோணி. மணி ஒன்று. வகுப்பு தொடங்கியது.

“குட் ஆஃப்டர்நூன், சில்ட்ரன்!” என்றேன் கம்பீரமாக.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரர் கேமராவைத் தன் பக்கமாகவே திருப்பி வைத்திருந்ததால், முதல் இரண்டு நிமிஷம் தீவு முழுக்கத் தெரிந்தது அவருடைய மீசை மட்டும்தான்.

ஒருவழியாகத் திருப்பினார். திரையில் பிள்ளைகள், பின்வரிசையில் தலையில் முக்காடிட்ட ஓர் அம்மாள், கையில் நோட்டு. அந்த அதிகாரி மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மணலைப் பார்த்தார். “டீச்சர், ஆறு எங்கே?” என்றார். (பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். நம் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன்.)

“ஆறு வந்துகொண்டிருக்கிறது, மேடம்” என்றேன்.

அவர் நோட்டில் எதையோ எழுதினார். நீளமாக எழுதினார்.

நான் சமாளித்தேன். மணல் எப்படி உருண்டையாகிறது, கரை ஏன் வளைகிறது என்று ஆரம்பித்து நல்ல வேகம் எடுத்த நேரத்தில் போன் அடித்தது. கட் செய்திருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து சொந்தக்காரர் போனைக் கட் செய்தவர் கிடையாது. எடுத்துவிட்டார். வாயைப் பிளந்தபடி நான் அந்தப் பக்கத் திரையில் உறைந்து நிற்க, இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் என் நாத்தனாரின் குரல் கிழிந்தது.

“மதினி! தண்ணி கூடலூரத் தாண்டிருச்சு மதினி!”

கூடலூரா! நடுவில் இன்னும் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. தண்ணீர் இங்கே வந்து சேர இன்னும் எவ்வளவு நேரம் ஆகுமோ. வகுப்பு நேரமோ மொத்தம் நாற்பது நிமிஷம்.

மறுபடி வகுப்புக்குள் வந்தோம். மன்னிப்புக் கேட்டேன். நாலு வாக்கியம் பேசியிருப்பேன். மறுபடி போன். கூடலூரில் இருக்கும் மச்சினர், அதே செய்தி, கூடுதலாகத் தண்ணீரின் நிறம். அதை வைத்ததும் சவரியம்மா சித்தி. “ஏ மேரி, என்னமோ அவசரம்னு போட்டிருந்தியே, என்னத்தா? சாப்பிட்டியா?”

“ஏங்க, வைங்க அதை!” என்று நான் ஆற்றுக்குள் நின்று கத்திய கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கிறது. அதற்குள் அவர் திரும்ப வீடியோவைப் போட்டுவிட்டிருந்தார்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “டீச்சர், ஏதாவது பிரச்சினையா? உங்களுக்கு இந்தக் கருவி பழக்கமில்லையா?”

அந்தக் கேள்விதான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் விமானம் ஏறி, படகு ஏறி வந்திருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. (ஆற்றில்தான் வரவில்லை.) இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“மன்னிக்கவேண்டும், மேடம். இங்கே ஆற்றுக்குக் கதவு உண்டு. காலையில்தான் திறந்தார்கள். தண்ணீர் ஒவ்வோர் ஊராக நடந்து வருகிறது. எந்த ஊருக்கு வந்திருக்கிறது என்று என் சொந்தக்காரர்கள் போன் செய்து சொல்கிறார்கள்.”

ஷிஃபா பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள். “இப்போது எங்கே வந்திருக்கிறது, டீச்சர்?”

அவ்வளவுதான், எனக்குள் இருந்த முப்பத்துநான்கு வருஷத்து டீச்சர் விழித்துக்கொண்டாள். குடையை மடக்கினேன். அதன் நுனியால் மணலில் ஒரு கோடு இழுத்து, கல் வைத்தேன். இது லோயர்கேம்ப், கதவு இருக்கும் இடம். இது கூடலூர். இது கருநாக்கமுத்தன்பட்டி. இது சுருளிப்பட்டி. அதற்குக் கீழே, இதோ, நான். ஷிஃபா அதை அப்படியே கரும்பலகையில் வரைந்தாள். பேர்களை அவர்கள் வாயில் போட்டுக் கடித்து உடைத்தது தனிக் கதை.

“இனி போன் வந்தா எடுங்க” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“அப்பவே எடுக்கத்தான செஞ்சேன்” என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு முறை படம் உறைந்து திரும்பும்போதும் பத்தொன்பது தலைகளும் திரையை ஒட்டி வந்து “எங்கே? எங்கே?” என்றன. “கருநாக்கமுத்தன்பட்டி தாண்டிருச்சு!” என்று நான் வாய் தவறித் தமிழிலேயே கத்த, அவர்களும் “தாண்டிருச்சு!” என்று கத்திக் கைதட்டினார்கள். கூடலூரிலிருந்து அங்கே வர எடுத்த நேரத்தை வைத்து, தண்ணீர் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கிறது என்று கணக்குப் போடச் சொன்னேன். போட்டார்கள்! நடுவில் சவரியம்மா சித்தி மறுபடி கூப்பிட்டார்கள். திரும்பி வந்ததும் சாக்பீஸோடு தயாராக நின்ற ஷிஃபா, “அவர்கள் என்ன சொன்னார்கள்?” என்றாள்.

“நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்கள்.”

அப்போதுதான் அந்த அதிகாரி முதன்முதலாகச் சிரித்தார்.

ஆனால் சிரிப்பு வேறு, நேரம் வேறு. சுருளிப்பட்டி தாண்டிவிட்டது என்று போன் வந்தபோது வகுப்பு முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது. நாலு. மூன்று. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, நோட்டை மூடினார். பிள்ளைகளின் கணக்குப்படியே இன்னும் கொஞ்சம் தாமதமாகும். தோற்றுப்போனோம் என்று நினைத்தேன். அந்தோணியை என்ன செய்வது என்றும் நினைத்தேன்.

“அக்கா!” என்று வளைவிலிருந்து ஒரு அலறல். “ஏ அக்கா, இந்தா வந்துருச்சு! கரைக்கு ஏறு!”

ஏறுவதாவது! முதலில் கொக்குகள் வந்தன. பத்துப் பதினைந்து கொக்குகள் மணலில் அவசர நடை நடந்து வர, அவற்றின் காலடியில், சருகும் நுரையும் தேங்காய் மட்டையுமாக, காபி நிறத்தில், கரையிலிருந்து கரைக்கு ஒரே விரிப்பாகத் தண்ணீர் வந்தது. மணல் அதைக் குடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. அன்று முதன்முறையாக, யாரும் சொல்லாமலே, என் வீட்டுக்காரர் கேமராவைச் சரியான பக்கம் பிடித்திருந்தார். நான் வைத்த கற்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு அது என் காலைத் தொட்டது.

“இதுதான் ஆறு!” என்று கத்தினேன். “ஷிஃபா, நீ கேட்டாயே! தீர்ந்துபோகும், கண்ணு! தீர்ந்துபோய் மறுபடி வரும்!”

கத்திய வேகத்தில் காலடி மணல் நழுவ, பட்டுச்சேலையோடு தொப்பென்று ஆற்றில் உட்கார்ந்தேன். ஆழம் முழங்கால் அளவுதான், மானம்தான் மூழ்கியது. என் இடது செருப்பு கிளம்பிப் போயிற்று. கரையோரமாகத் தண்ணீரோடு ஓடிவந்த அந்தோணி வீசிய பூ ஆற்றில் விழாமல் நேராக என் தலையில் விழுந்தது.

“டீச்சர்! உங்கள் செருப்பு கடலுக்குப் போகிறதா?” என்று ஷிஃபா பெஞ்சின்மேல் நின்று கூவினாள்.

“இல்லை, வைகை அணையில் நின்றுவிடும்!” என்றேன், உட்கார்ந்தபடியே.

மணி அடித்தது. ஒரு பிள்ளைகூட எழவில்லை. அதிகாரியும் எழவில்லை. இன்னும் பத்து நிமிஷம் எல்லோருமாக எங்கள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் மெயில் வந்தது. இரண்டு வருஷம் நீட்டிப்பு. கீழே அதிகாரியின் குறிப்பு ஒன்று: ஆசிரியை தம் கருவியைக் கையாளும் விதம் வழக்கத்துக்கு மாறானது, ஆனாலும் மாணவர்கள் அதன் ஒவ்வோர் அழைப்புக்கும் காத்திருந்தார்கள்.

குடும்பத்தில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. அக்காவுக்கு வேலை கிடைத்தது தன் கணக்கால்தான் என்கிறான் அந்தோணி. (“நாப்பது நிமிசம் முன்னப்பின்ன இருக்கத்தான்க்கா செய்யும்.”) தன் போனால்தான் என்கிறார் நாத்தனார். சாப்பிட்டாயா என்று கேட்டது தான் மட்டும்தான் என்கிறார் சவரியம்மா சித்தி. வீட்டில் கேஸ் சிலிண்டரோ, மாப்பிள்ளை வீட்டாரோ, எது வரத் தாமதமானாலும், “கூடலூரத் தாண்டிருச்சான்னு கேளு” என்பதுதான் எங்கள் வழக்கம்.

இது எங்கள் வீட்டோடு நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். விடுமுறை முடிந்து நாங்கள் தீவுக்குத் திரும்பிய நாளில் கடல் கொஞ்சம் கோபமாக இருந்ததால் படகு ஒரு மணி நேரம் தாமதம். தூரத்தில் படகுத்துறை தெரிந்தது. அதில் வெள்ளைச் சீருடைகள். தலைகளை எண்ணினேன், பத்தொன்பது. படகு பவளத்திட்டைத் தாண்டி உள்ளே நுழைந்ததும், தமிழில் வேறு ஒரு வார்த்தைகூடத் தெரியாத அந்தப் பிள்ளைகள் அடிவயிற்றிலிருந்து ஒரே குரலில் கத்தினார்கள்:

“டீச்சர் தாண்டிருச்சு!”