பச்சை லேபிள் கோழி

இன்று மத்தியானம் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று ரஸ்ஸல் லீப்கே முடிவு செய்தார். சர்ச்சில், எல்லோரும் தலைகுனிந்து பாவமன்னிப்பு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் முடிவு செய்தார். அவருக்கு மன்னிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஜெயித்தவனுக்கு எதற்கு மன்னிப்பு?

மானிட்டோவாக் என்ற ஊரில், ஏரிக்கரை சூப்பர் மார்க்கெட்டின் இறைச்சிப் பிரிவுக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் ராஜா. அவர் வெட்டி, தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கொடுத்த கோழியைச் சாப்பிடாத குடும்பம் ஊரிலேயே கிடையாது. ஒரே ஒரு குடும்பம் மட்டும் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அது அவருடைய குடும்பம்.

போன வருஷம் அக்டோபரில் அவர் மனைவி மார்லீனுக்கு வயிற்றுப்போக்கில் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். முதல் மருந்தை ஏற்றினார்கள், கேட்கவில்லை. இரண்டாவதும் கேட்கவில்லை. மூன்றாவதை ஏற்றிவிட்டு, பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ரஸ்ஸல் ஒன்பது ராத்திரி நாற்காலியிலேயே தூங்கினார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே பயந்துபோயிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

காய்ச்சல் இறங்கியதும் டாக்டரம்மா கேட்டார், வீட்டில் இறைச்சி எங்கே வாங்குகிறீர்கள் என்று.

"எங்க வீட்டுக்காரர்தான் கடையில பேக் பண்றார்" என்றாள் மார்லீன், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மா ரஸ்ஸலைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் இருபத்தாறு வருஷமும் போயிற்று. அவர் திட்டவில்லை. மருந்து கொடுத்து வளர்க்கிற பண்ணைகளில் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சி நிற்கும், அது பச்சை இறைச்சியோடு வீடு வரைக்கும் வரும், இந்தம்மாவுக்கு அதிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மார்லீன் கடைசி வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் வீட்டுக்குப் பச்சை லேபிள் கோழிதான் வர வேண்டும் என்றாள்.

பச்சை லேபிள் என்றால் ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்ந்த கோழி. கம்பெனியிலிருந்தே மூடி ஒட்டி வரும். ரஸ்ஸலின் ராஜ்யத்தில் ஒரு மூலையில் இருக்கும். அதை அவர் சரக்காகவே மதித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பயம் உட்கார்ந்திருந்த இடத்தில், வீட்டுக்கு வந்ததும் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊருக்கெல்லாம் கொடுக்கிற கோழி கட்டிய மனைவிக்கு ஆகாதா? இதைக் கேட்டால் கடைக்கு வருகிற நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஆகையால் முதல் சனிக்கிழமையே ரஸ்ஸல் வேலையைக் காட்டினார். பச்சை லேபிளைப் பூப்போல உரித்தெடுத்தார். தன் சொந்தச் சரக்கில் நல்லதாக எட்டு தொடைத் துண்டு பொறுக்கி, தட்டில் அடுக்கி, தாள் சுற்றி, அதன் தலையில் லேபிளை ஒட்டினார். மிஞ்சின அசல் பச்சை லேபிள் கோழியைச் சாதாரணக் கோழியோடு வைத்து விற்றார். வாராவாரம் ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் தனக்கே தெரியாமல் நல்ல கோழி சாப்பிட்டான்.

இந்தத் தட்டை மட்டும் ரஸ்ஸல் கையுறை போடாமல் சுற்றுவார். கையுறை போட்டால் தாள் வழுக்கும், மூலை கத்தி மாதிரி நிற்காது என்று வீட்டிலேயே நூறு தடவை பீற்றிக்கொண்டிருக்கிறார். சுற்றி முடித்ததும் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உப்புத் தூவிய ப்ரெட்ஸெல் பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடிப்பார். அந்த ப்ரெட்ஸெலுக்கு இருந்த ருசி வேறு எதற்கும் இருந்ததில்லை.

இப்படி ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை. மார்லீன் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளுக்கு எலுமிச்சை மேல் ஆசை வந்திருந்தது. ரஸ்ஸலுக்கு எலுமிச்சை ஆகாது. அதனால் அவருக்கு ஒரு வாணலி, அவளுக்கு ஒரு வாணலி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவில் ஆகஸ்டில் ரஸ்ஸல் படுத்தார். இரண்டு வாரம் பாத்ரூமே கதி. முதலில் கொடுத்த மாத்திரை சும்மா உள்ளே போய் வெளியே வந்தது. டாக்டரம்மா சாம்பிள் எடுத்து அனுப்பி, மாத்திரையை மாற்றித்தான் எழுப்பி உட்காரவைத்தார். காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டு நார்மா பிக்னிக்குக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட். அன்றிலிருந்து நார்மாவின் சாலட்டைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு உறுத்தல் பாக்கி. ஃப்ரிட்ஜ் கதவில், கோழி வடிவக் காந்தத்துக்கு அடியில், ஆஸ்பத்திரிப் பேப்பர். எந்த மருந்து கிருமியிடம் பலிக்கும், எது பலிக்காது என்று வரிசையாகப் போட்டிருக்கும். மார்லீன் வீடு திரும்பிய அன்றே மாட்டியது. காலையில் பால் எடுக்கும்போதெல்லாம் அது அவருக்கு எதிராகப் பிடித்த கொடி மாதிரி நின்றது. முதல் நாள் படித்ததோடு சரி, பிறகு அந்தப் பக்கம் கண்ணையே திருப்புவதில்லை. இன்றைக்குத் தன் கையாலேயே அதைக் கிழித்துப்போட வேண்டும் என்பதுதான் சர்ச்சில் எடுத்த தீர்மானம்.

சாட்சிக்கு நார்மா வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவள் எப்போதும் வருவாள். ஃபுட்பால் ஆட்டம் தொடங்க அரை மணி இருந்தது. மார்லீன் வழக்கம்போல ரஸ்ஸலின் தட்டில் இரண்டு துண்டு வைத்தாள். எலுமிச்சை போட்டதைத் தனக்கும் நார்மாவுக்கும் எடுத்துக்கொண்டாள். ரஸ்ஸல் தொண்டையைச் செருமினார்.

"மார்லீன், ஒரு வருஷமா நான் கொண்டுவந்தது பச்சை லேபிள் கோழியே இல்ல. தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள் மார்லீன்.

இந்தப் பதிலுக்கு அவர் தயாராக வரவில்லை.

"தெரியும்னா? எப்படித் தெரியும்?"

"கம்பெனித் தட்டை மிஷின் ஒட்டுது ரஸ்ஸல். அதுல மடிப்பே கிடையாது. நீ கொண்டுவந்ததுக்கு நாலு மூலையும் கல்யாணப் பரிசு மாதிரி நின்னுது. இந்த ஊர்ல அப்படி மடிக்கிற கை ஒண்ணுதானே இருக்கு."

"எப்ப பாத்தே?"

"மொத வாரமே."

ரஸ்ஸலுக்குத் தன் மடிப்பைப் பாராட்டியதில் ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டார். தெரிந்தே சாப்பிட்டாள் என்றால் ஜெயம் இன்னும் பெரிதாயிற்றே.

"தெரிஞ்சே சாப்பிட்டிருக்கே. ஒண்ணும் ஆகலையே. இப்பவாவது ஒத்துக்கோ."

"நான் எங்க சாப்பிட்டேன்? எலுமிச்சை போட்டதுதான் நான் சாப்பிடறது. அதுதான் அசல் பச்சை லேபிள், நார்மா வாங்கிட்டு வர்றா. அவ வீட்டு ஃப்ரீசர்ல இருக்கு."

"எங்கேருந்து?"

"பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையில" என்றாள் நார்மா. "அங்க கார் நிறுத்த வசதி."

ரஸ்ஸலுக்கு எல்லாவற்றையும்விட உறைத்தது இதுதான். அவர் மனைவி எதிரிக் கடைக் கோழியில் ஒரு வருஷம் உயிர் வாழ்ந்திருக்கிறாள்.

"அப்ப நான் கொண்டுவந்தது?"

"ஒரு வாரம்கூட விடாம உன் தட்டுலதான் வெச்சேன். இப்பவும் அதான் இருக்கு."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

மார்லீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "நீ சொல்லுவேன்னுதான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். ஆஸ்பத்திரியில என் கையைப் புடிச்சிட்டு ஒருத்தன் அழுதானே, அவன் என்னைக்காவது வந்து சொல்லுவான்னு பாத்தேன். வரல."

ரஸ்ஸலுக்கு வெட்கம் வந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. எழுந்து நேரே ஃப்ரிட்ஜிடம் போனார்.

"சரி, நானே சாப்பிட்டேன். ஐம்பத்திரண்டு வாரம் நானே சாப்பிட்டேன். எனக்கென்ன ஆச்சு? குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். இந்தப் பேப்பரை இன்னையோட கிழிக்கறேன்."

காந்தத்தைப் பிடுங்கினார். கையில் வந்தது ஒரு பேப்பர் இல்லை, இரண்டு. அடியில் இருந்தது பழுப்பேறியது, மார்லீனுடையது. மேலே இருந்ததில் தேதி ஆகஸ்ட். பலிக்காத மருந்துகளின் வரிசை அவளுடையதைவிட ஒரு வரி நீளம். தலைப்பில் பெயர், லீப்கே, ரஸ்ஸல்.

"செப்டம்பர்லயே வந்துடுச்சு" என்றாள் மார்லீன். "ஒளிச்சு வைக்கல. நீ தெனம் பால் எடுக்கற எடத்துலதான் மாட்டினேன்."

"அப்ப என் உருளைக்கிழங்கு சாலட்?" என்று கேட்டாள் நார்மா.

"உன் சாலட் மேல ஒரு தப்பும் இல்ல. அடுத்த பிக்னிக்குக்கும் கொண்டுவா."

ரஸ்ஸல் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "நீ வேகவெச்சுத்தானே போட்டே?"

"கரியாகற வரைக்கும் வேகவெச்சேன். உன் உயிர் மேல எனக்கு அக்கறை இருந்தது. ஆனா உன் கையை நான் எப்படி வேகவைக்கறது? கையுறை போட்டா மூலை நிக்காதுன்னு நீதானே சொல்லுவே."

அவர் தன் கையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்துக் கை. டிவியில் ஆட்டம் ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மார்லீன் அவர் கையிலிருந்து இரண்டு பேப்பரையும் வாங்கி, மறுபடியும் கோழிக் காந்தத்துக்கு அடியில் மாட்டினாள், அவருடையது மேலே தெரிகிற மாதிரி.

"கையைக் கழுவிட்டு வந்து உக்காரு ரஸ்ஸல்" என்றாள். "உன் கோழி ஆறுது."

"சோப்புப் போட்டு" என்றாள் நார்மா.