கேட்பாரற்ற தேக்சா

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் முக்தார் அகமது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆம்பூரில் நானும் உங்கள் தங்கை அஃப்ஸர் ஜஹானும் நலம். வேலூரில் உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்க அன்றாடம் துஆ செய்கிறோம். ஞாயிறு அன்று எங்கள் கௌசரின் நிக்காஹ்வுக்கு எப்படியும் வருவீர்கள். ஆனால் வியாழனே வந்துவிடுங்கள், ஆதார் அட்டையோடு. போனில் சொன்னால் திட்டுவீர்கள் என்பதால்தான் கடிதம்.

நிக்காஹ் பிரியாணிக்காகப் பெரிய செம்பு தேக்சாவுக்கு மாதனூரில் ஈயம் பூசி, வாயைத் துணியால் கட்டி, பஸ் ஸ்டாப்பில் வைத்திருந்தேன். பஸ் வந்ததும் முதலில் இடம் பிடிப்போம் என்று ஏறி இரண்டு சீட்டில் கைக்குட்டை போட்டேன், எனக்கு ஒன்று, தேக்சாவுக்கு ஒன்று. அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். ஷூ கம்பெனி விட்ட கூட்டத்தில் இறங்க வழியில்லை. தேக்சாவின் சீட்டில் ஆம்பூர் வரை யாரையும் நான் உட்கார விடவில்லை. திரும்பிப் போவதற்குள், வாய் கட்டிய பாத்திரம் தனியாக நிற்கிறதே என்று யாரோ பயந்துபோய்ச் சொல்ல, போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஸ்டேஷனில் ஏட்டம்மா சம்பூர்ணம் அதன்மேல் 'கேட்பாரற்ற பொருள்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்.

"உங்க பேர் இன்னா சார்?"

"இஷ்தியாக் அகமது."

"விளிம்புல முக்தார் அகமதுன்னு வெட்டியிருக்குதே? அவரே வரணும். ஆறு மாசம் யாரும் வரலன்னா கோர்ட்டு உத்தரவு வாங்கி ஏலம் வுட்ருவாங்க. அப்புறம் சர்க்காருக்குத்தான்."

ஆறே மாதத்தில் சர்க்காருக்குச் சொந்தம் என்றால், பதினெட்டு வருடம் வைத்திருந்த எனக்கு ஏன் ஆகாது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அந்த அம்மா பேனாவைத் திறந்தார்.

ஆமாம் மச்சான், காணாமல் போனதென்று நீங்கள் சமையல்காரரைச் சந்தேகப்பட்டீர்களே, அதே தேக்சாதான். இரவல் வாங்கினேன். தரத் தள்ளிப்போட்டேன். பிறகு தரவே வெட்கமாகிவிட்டது. நீங்கள் வரும்போதெல்லாம் அதைக் கவிழ்த்து, மேலே பஞ்சு ரஜாயைப் போர்த்தி, உங்களையே உட்கார வைத்தோம். இப்போது கல்யாண சீசன், ஊரில் வாடகைக்குக்கூட வேறு தேக்சா இல்லை. நீங்கள் வராவிட்டால் முந்நூறு பேருக்குச் சோறில்லை. என் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

கோபத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். அல்லாஹ் உங்களுக்கு ஆயுளையும் பொறுமையையும் ஜாஸ்தியாகவே தரட்டும்.

தங்கள் தங்கையின் வீட்டுக்காரன்,
இஷ்தியாக் அகமது

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் ஸ்டேஷனிலிருந்து போன். அடிக்கரியைத் தேய்த்ததில், உங்கள் பெயரைவிடப் பழைய எழுத்தில் 'ஹலீமா பீ' என்று இருக்கிறதாம். மாதனூரில் உங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டு ஹலீமா பீயேதான். சேதி கேட்டு, இருபத்தைந்து வருடமாகப் பத்திரப்படுத்திய மூடியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். மூடி கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கல்யாணத்துக்குத் தேக்சாவைத் தருகிறாராம், நாம் இருவரும் நம் கையாலேயே கழுவித் திருப்பித் தர வேண்டுமாம். ஆகவே ஞாயிறே வாருங்கள். ஆதார் வேண்டாம், புளியும் தேங்காய் நாரும் கொண்டு வாருங்கள்.