மூணு ஹார்டு டிஸ்க்கும் அக்கா கல்யாணமும்

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். அக்கா கல்யாண வீடியோவை டிவியில போட்டுக் காட்டணும்.

அப்போ நான் அரக்கோணத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்துகினு இருந்தேன். அதனால திருத்தணியில எங்க தெருவுக்கே நான்தான் பெரிய மேதாவி. கல்யாண வீடியோவும் நானே எடுத்தேன்.

வீடியோ பெருசு. என்கிட்ட இருந்த மூணு ஹார்டு டிஸ்க்கும் சின்னது. நெட்டுல தேடினா, மூணையும் லேப்டாப்ல மாட்டி ஒரே டிஸ்க்கா சேர்க்கலாம்னு போட்டிருந்துச்சு. வீடியோவைத் துண்டு துண்டா வெட்டி மூணுலயும் பிரிச்சு வெக்குமாம். வேகத்துல பறக்குமாம்.

ஒண்ணு போனா எல்லாமே போயிடும்னு கீழ எழுதியிருந்துச்சு. அவ்ளோ கீழ யாரு படிக்கிறா?

சேர்த்தேன். வீடியோவை அதுல போட்டுட்டு, லேப்டாப்ல இருந்ததை இடம் அடைக்குதுன்னு அழிச்சேன்.

பள்ளிப்பட்டுலேர்ந்து எங்க பாவா, அதான் அக்கா வீட்டுக்காரர், அவங்க ஜனத்தோட வேன்ல வந்து இறங்கினாரு. ஹால்ல கால் வெக்க இடமில்ல.

படம் ஓடுச்சு. "மூணும் ஒண்ணா வேலை செய்யுது பாருங்க"ன்னு கேக்காதவங்களுக்கும் விளக்கிகினு இருந்தேன்.

டிவியில பாவா தாலியைக் கையில எடுத்தாரு. நேர்ல இருந்த பாவா செல்லுக்கு சார்ஜ் போட பிளக் தேடிகினு இருந்தாரு.

படம் நின்னுடுச்சு.

"பாவா, எதையாச்சும் புடுங்கினீங்களா?"

"ஆங். ஒரு டப்பா சும்மா மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிகினு இருந்துச்சு. கரண்டு வேஸ்ட்டாவுதேன்னு எடுத்தேன்."

திரும்ப சொருகினேன். 'இந்த டிஸ்க் எனக்குப் புரியல, ஃபார்மட் பண்ணட்டுமா'ன்னு லேப்டாப் கேட்டுச்சு.

பின்னாடியே அக்கா. "என்னாடா கேக்குது?"

"சரியான்னு கேக்குதுக்கா."

"சரின்னு சொல்லித் தொலை. மாமியார் காத்துகினு கீறாங்க."

கம்ப்யூட்டர் வாத்தியார் நான், சரின்னு சொன்னேன். சுத்தமா தொடச்சிக் குடுத்துடுச்சு.

"கேமரா டேப்பு இருக்குமில்ல?"ன்னா அக்கா.

"அதுமேல கே.ஜி.கண்டிகையில ஒரு மஞ்சள் நீராட்டு எடுத்துட்டேன்கா."

அக்கா அழ ஆரம்பிச்சா. அவ மாமியார் மெதுவா கேட்டாங்க. "ஏம்பா, தாலி கட்டுனதாச்சும் கீதா?"

"கையில எடுத்த வரைக்கும் பார்த்துட்டோமே அத்தை."

அக்கா கண்ணைத் தொடச்சிகினு எழுந்தா. "நாளைக்கு மலைக்குப் போறோம். அதே பட்டுப்புடவை, அதே வேட்டி. மறுபடி எடு."

"மறுபடியுமா?"ன்னாரு பாவா.

"பிளக்கைப் புடுங்குனது யாரு?"

தாலி வேணாம், மாலை மட்டும் மாத்திக்கட்டும்னு மாமியார் தீர்ப்பு சொன்னாங்க.

மறுநாள் மலை மேல பாவா வெயில்ல மாலையோட நின்னாரு. சாமி கும்பிட வந்த ஒரு அம்மா, நிஜக் கல்யாணம்னே நெனச்சு என்னைத் தனியா கூப்ட்டாங்க. "ஏன் நைனா, இஷ்டமில்லாத பையனுக்கா கட்டி வெக்கிறீங்க? மாப்ள மூஞ்சே சரியில்லியே."

"ஆமாங்க"ன்னு சொல்லிட்டு எடுத்துகினே இருந்தேன்.

அந்த வீடியோவை சீடி போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டேன். ஹார்டு டிஸ்க்குங்களைத் தனித்தனியா பிரிச்சிட்டேன்; கூட்டுக் குடித்தனம் அதுங்களுக்கு ஒத்துவரல.